பெருவழியைப் பிடித்துக் கரூர் வரை: எட்டுப் பேருக்கு ஐந்து நாள் கொங்குப் பயணம்

கேள்வி இது: "நாங்கள் எட்டுப் பேர். ஒரே பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் சிலர், எங்களிடம் படித்தவர்கள் சிலர். தஞ்சை, மதுரை, ஹம்பி எல்லாம் சேர்ந்தே போய்வந்தோம். அடுத்து ஐந்து நாள் கொங்கு நாடு என்று பேச்சு. பயண ஏற்பாட்டாளர்களிடம் விசாரித்தால் ஊட்டி, பழனி, நடுவே கோவையில் ஓர் இரவு என்கிறார்கள். பழைய ஊர்கள் என்று பார்க்க அங்கே என்ன இருக்கிறது? எங்களில் மூவர் 65 வயதைத் தாண்டியவர்கள்."

ஐந்து நாளில் பார்த்து முடிக்க முடியாத அளவுக்கு இருக்கிறது. ஆனால் தஞ்சையையும் ஹம்பியையும் பார்த்த கண்ணோடு வந்தால் முதல் நாளே சோர்ந்துபோவீர்கள். நெடுங்காலம் ஒரே அரசு வீற்றிருந்த தலைநகரம் இங்கே கிடையாது. சேரர், கங்கர், கொங்குச் சோழர், பாண்டியர், ஒய்சளர், விஜயநகரத்தார், மதுரை நாயக்கர், மைசூர்க்காரர், ஆங்கிலக் கும்பினியார் என்று எல்லோரும் இந்த நாட்டைப் பிடித்தார்கள், ஆண்டார்கள், போனார்கள். எல்லோருக்கும் இது தேவைப்பட்டதற்குக் காரணம் ஒன்றுதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் என்று ஒரு பெரிய திறப்பு இருக்கிறது. மேலைக் கடற்கரையில் இறங்கிய சரக்கு மலை ஏறாமல் கிழக்கே வர அதைவிட நல்ல வழி இல்லை. கணவாயைத் தாண்டினால் நொய்யல். நொய்யலைப் பிடித்தால் காவிரி. காவிரிக்கு அருகே, அமராவதிக் கரையில் கரூர்.

எனவே என் யோசனை, தலங்களை எண்ணிக்கொண்டு போகாதீர்கள், அந்த வழியைப் பிடித்துக்கொண்டு போங்கள். கோவையில் தொடங்கி, மேற்கிலிருந்து கிழக்காக நகர்ந்து, கரூரில் முடியுங்கள். ஊட்டியை விட்டுவிடுங்கள், அது மலையின் கதை, அதற்குத் தனியாக ஒரு முறை போகலாம். பழனியும் அப்படித்தான். அங்கே போனால் ஒரு நாள் முழுதும் போய்விடும், திரும்பி வந்து நூலைப் பிடிப்பது கடினம்.

எட்டுப் பேர் என்பது இந்தப் பயணத்துக்கு மிகவும் ஏற்ற எண்ணிக்கை. நான் சொல்லப்போகும் இடங்களில் பாதி மிகச் சிறியவை. புகளூர்க் குகையிலும் அறச்சலூர்ப் பாறையடியிலும் நாற்பது பேர் நிற்க முடியாது. நாற்பது பேர் பஸ்ஸில் வந்து இறங்கினால் கிராமத்தில் ஒருவரும் பேச மாட்டார்கள். ஒதுங்கி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். எட்டுப் பேர் இறங்கினால் முதலில் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார்கள், அப்புறம் எந்த ஊர் என்று கேட்பார்கள், அதற்குள் யாரோ ஒருவர் கோயில் சாவி வைத்திருப்பவரைக் கூப்பிட ஆள் அனுப்பியிருப்பார். கொங்கில் பாதி வரலாறு இப்படித்தான் திறக்கும்.

பன்னிரண்டு இருக்கை வேன் ஒன்றை ஐந்து நாளுக்கும் சேர்த்துப் பேசுங்கள். எட்டுப் பேருக்கு அது தாராளம். மதியத்தில் ஒருவர் கால் நீட்டிப் படுக்கவும் இடம் இருக்கும். கிலோமீட்டர் கணக்கு, ஓட்டுநர் பேட்டா, சுங்கக் கட்டணம் யார் பொறுப்பு என்பதைப் புறப்படும் முன்பே தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். ஓட்டுநர் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துக்காரராக இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது. கொடுமணல் போன்ற ஊருக்குக் கைப்பேசி வரைபடம் சொல்லும் வழி சில நேரம் தோட்டத்து வேலியில் போய் முடியும். அவருக்குத் தெரிந்த வழி ஊருக்குள் போகும். சாப்பாட்டு மேசையில் அவரையும் உங்களோடு உட்கார வையுங்கள்.

இன்னொரு சிறு ஏற்பாடு. ஆளுக்கு ஓர் ஊரைப் பிரித்துக்கொண்டு படித்துவிட்டு வாருங்கள். அந்த ஊரில் அவர்தான் வழிகாட்டி. ஆசிரியர்கள் இருக்கும் குழுவில் ஒருவரே ஐந்து நாளும் பேசும் ஆபத்து உண்டு. இது அதைத் தடுக்கும். குரல் வளம் உள்ள ஒருவர் தேவாரத்தையும் கையில் எடுத்துக்கொள்ளட்டும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதல் நாள் கோவை. காலையில் பேரூர்ப் பட்டீசுவரர் கோயில். மூலக் கோயில் பழையது என்றாலும் நீங்கள் நேரம் செலவிட வேண்டிய இடம் கனகசபை. 17ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் வழிவந்த அளகாத்ரி நாயக்கர் எடுப்பித்த மண்டபம் அது. தூண்களில் நிற்கும் ஊர்த்துவ தாண்டவர், காளி, கஜசம்ஹாரர் முதலிய சிலைகளைப் பார்க்கும்போது மதுரைப் புது மண்டபத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கைவரிசை உடனே பிடிபடும். ஆனால் இங்கே கூட்டம் இல்லை. ஒரு தூணைச் சுற்றிச் சுற்றி வந்து பார்க்கலாம்.

பேரூருக்குத் தெற்கே சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் மலைச்சரிவில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. உங்கள் பயணத்தின் தலைவாசல் அதுதான். "கோ இராசகேசரிப் பெருவழி" என்று அந்த நெடுஞ்சாலைக்குச் சோழன் சூட்டிய பெயரும், அதன் பெருமை பேசும் ஒரு பாடலும் பாறையில் வெட்டப்பட்டிருக்கின்றன. தமிழ் எழுத்தில் ஒரு முறை, அதே பாடல் வட்டெழுத்தில் இன்னொரு முறை. மேற்கே இருந்து வருபவனுக்கும் கிழக்கே இருந்து வருபவனுக்கும் படிக்கத் தெரிய வேண்டும் என்ற அக்கறையை அதில் நான் காண்கிறேன். முதலாம் ஆதித்த சோழன் காலத்தது, அதாவது 9ஆம் நூற்றாண்டு, என்று கொள்கிறார்கள். பார்ப்பதற்கு ஒரு பாறைதான். ஆனால் அதன் முன் நின்று மேற்கே பாலக்காட்டுத் திசையைப் பார்த்தால் இனி வரும் ஐந்து நாளும் எதைத் தேடிப் போகிறோம் என்பது விளங்கிவிடும். உள்ளூர் ஆள் ஒருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள், தேடுவது சிரமம்.

வெள்ளலூரில் 1842இல் ரோமானிய வெள்ளிக் காசுகள் புதையலாகக் கிடைத்தன. அகஸ்டஸ், டைபீரியஸ் முகம் பொறித்த காசுகள். இன்று அங்கே அதற்கான தடயம் எதுவும் இல்லை. வண்டியில் போகும்போது சொல்லிக்கொண்டு போனால் போதும். உச்சி வெயிலில் கோயில்கள் சாத்தியிருக்கும் நேரத்துக்கு 1902இல் தொடங்கிய கேஸ் வன அருங்காட்சியகம் பொருத்தம்.

இரண்டாம் நாள் காலை அவிநாசியும் திருமுருகன்பூண்டியும். இரண்டும் அடுத்தடுத்த ஊர்கள். தேவாரத்தை எடுத்து வரச் சொன்னது இங்கேதான் பயன்படும். சுந்தரர் தம் தோழர் சேரமான் பெருமாளிடம் விடைபெற்று, அவர் கொடுத்த பொன்னும் மணியுமாக இந்த வழியே திரும்புகிறார். பூண்டிக்கு அருகே வேடர்கள் மறித்து எல்லாவற்றையும் பறித்துக்கொள்கிறார்கள். வந்தவர்கள் சிவனுடைய பூதகணங்கள் என்கிறது புராணம். சுந்தரர் நேரே கோயிலுக்குள் போய், "கொடுகு வெஞ்சிலை வடுக வேடுவர்" என்று தொடங்கி, துணியைக்கூடப் பறிக்கும் இந்த ஊரில் "எத்துக்கு இங்கு இருந்தீர் எம்பிரானீரே" என்று இறைவனையே கேட்கிறார். பதிகத்தில் "ஆறலைக்கும் இடம்" என்று அவர் சொல்வதை அந்த மண்ணில் நின்று உரக்கப் படியுங்கள். பக்திப் பாடல் என்று மட்டும் நினைத்திருந்தது, பெருவழியில் பொருளோடு போனவன் பட்ட பாட்டின் பதிவாகவும் மாறி ஒலிக்கும். கேரளத்திலிருந்து சோழநாட்டுக்குப் போகிறவன் இந்த வழியே வந்தாக வேண்டும், வழிப்பறிக்காரனும் அதை அறிந்தே இங்கே காத்திருந்தான்.

பூண்டியில் கோயிலைவிட்டு வெளியே வந்தால் சாலையோரம் உளிச் சத்தம் கேட்கும். சிற்பக்கூடங்கள் வரிசையாக இருக்கின்றன. அனுமதி கேட்டு உள்ளே போய்ப் பாருங்கள். வேலையை நிறுத்தச் சொல்லாமல், ஓரமாக நின்று. கருங்கல்லில் ஒரு விரல் நகம் உருவாவதைப் பார்த்துவிட்டு மறுநாள் பழைய கோயில் தூணைப் பார்த்தால் கண் வேறு மாதிரி வேலை செய்யும். பேரூருக்கு முன்பே பூண்டியைப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. ஆனால் வழி அப்படி அமையவில்லை.

அவிநாசியில், பல ஆண்டுகளுக்கு முன் முதலை விழுங்கிய சிறுவனைச் சுந்தரர் பாடி மீட்ட கதை. "கரைக்கால் முதலையைப் பிள்ளை தரச்சொல்லு காலனையே" என்ற அடி இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கு இன்றும் மனப்பாடம். தமிழகத்தின் மிகப் பெரிய தேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது, சித்திரையில் ஓடும். மற்ற நாட்களில் நிலையில் நிற்கும் தேரைப் பார்க்கலாம்.

அவிநாசியிலிருந்து ஈரோடு போகும் வழியில் விஜயமங்கலம். இதைத் தவறவிட வேண்டாம். நெடுஞ்சாலையில் போகிறவர்கள் சுங்கச்சாவடியாக மட்டுமே அறிந்த ஊர். உள்ளே சந்திரப்பிரப தீர்த்தங்கரர் கோயில் இருக்கிறது. மக்கள் நெட்டைக் கோபுரம் என்பார்கள். கொங்கில் சமணம் எவ்வளவு ஆழமாக வேரூன்றி இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் பார்த்ததில்லை. சிரவணபெளகுளத்தில் கோமடேசுவரரை நிறுவிய சாமுண்டராயரின் தங்கை புளியப்பை இங்கே நோன்பிருந்து உயிர்விட்டதைச் சொல்லும் நிசீதிகைத் தூண் உண்டு. பெருங்கதை பாடிய கொங்குவேளிர் இவ்வூரில் தமிழ் வளர்த்தார் என்பதும், பெருந்துறைக்கு அருகே உள்ள சீனாபுரம்தான் நன்னூல் தந்த பவணந்தியாரின் ஊர் என்பதும் இப்பகுதி வழக்கு. நன்னூல் நடத்திய தமிழாசிரியர் யாராவது உங்கள் எட்டுப் பேரில் இருந்தால் சீனாபுரத்தில் ஐந்து நிமிடம் வண்டியை நிறுத்துங்கள். அவருக்காக.

அன்றிரவும் மறுநாள் இரவும் ஈரோட்டில் தங்கல். இரண்டு இரவு ஓரிடத்தில் படுப்பது வயதானவர்களுக்கு மிகவும் முக்கியம்; தினமும் பெட்டி கட்டி அவிழ்ப்பதுதான் குழுப் பயணத்தில் ஆளைக் களைப்படையச் செய்வது.

மூன்றாம் நாளுக்கு எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஒதுக்குங்கள். விடியலில் புறப்பட்டுச் சென்னிமலை வழியாகக் கொடுமணல். "கொடுமணம் பட்ட வினைமாண் அருங்கலம்" என்று பதிற்றுப்பத்து சொல்லும் ஊர் இதுதான் என்பதை 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் செய்த அகழாய்வு உறுதிப்படுத்தியது. பின்னர் புதுவைப் பல்கலைக்கழகமும் தமிழகத் தொல்லியல் துறையும் தொடர்ந்தன. கிடைத்தவற்றைக் கேளுங்கள்: பெரில் என்னும் நீலப்பச்சை மணிக்கல், பளிங்கு, சூதுபவளம் இவற்றில் செய்த மணிகள், செய்து முடித்தவை, பாதி செய்தவை, துளையிடும்போது உடைந்தவை என்று எல்லாம் கலந்து கிடந்தன. இரும்பு உருக்கிய உலைகள். எஃகு செய்த மூசைகள், அதாவது உருக்கும் குடுவைகள். தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகள், அவற்றில் கண்ணன், ஆதன், பண்ணன் என்று சாதாரண மனிதர்களின் பெயர்கள்.

உடைந்த மணியும் பாதி மணியும்தான் எனக்கு மிக முக்கியம். முழு மணி மட்டும் கிடைத்திருந்தால் யாரோ கொண்டுவந்து விற்றார்கள் என்று சொல்லிவிடலாம். உடைந்தது கிடைத்தால் இங்கேயே பட்டறை இருந்தது என்று அர்த்தம். மூலக்கல் காங்கேயத்துக்கு அருகே படியூரில் கிடைத்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அங்கே பெரில் வெட்டியிருக்கிறார்கள். ரோமானிய அறிஞர் பிளினி, இந்தக் கல் இந்தியாவை விட்டால் வேறெங்கும் அரிது என்று எழுதிவைத்தார். படியூர்க் கல், கொடுமணல் கைவினை, பெருவழி, கடல், ரோம். அந்த வணிகத்தில் வந்த காசுதான் முதல் நாள் சொன்ன வெள்ளலூர்ப் புதையல்.

இன்று அங்கே போனால் அகழாய்வுக் குழிகள் மூடப்பட்டு நிலமாகக் கிடக்கும். கண்ணுக்குத் தெரிவது ஈமக்காடு: வட்டமாக நட்ட கற்கள், நெடுங்கல், கல்லறைப் பலகைகள். கல்லை நகர்த்தாதீர்கள், ஓடு பொறுக்காதீர்கள். மேற்பரப்பில் கிடக்கும் சிறு ஓடும் கிடக்கும் இடத்தில் இருந்தால்தான் ஆய்வாளருக்குப் பேசும்.

பிறகு நொய்யல் கரைக்கு நடந்து போங்கள். இந்த ஆற்றைப் பார்க்காமல் கொடுமணலைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. மேலே திருப்பூர் இருக்கிறது. பழைய கொடுமணல் பட்டறையும் உலகத்துக்கு அனுப்பத்தான் வேலை செய்தது, இந்தப் பனியன் நகரமும் அதையே செய்கிறது. ஆனால் சாயக்கழிவு இந்த ஆற்றில்தான் இறங்கியது. பாசனத்துக்கென்று 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை கொடுமணலுக்கு அருகிலேயே இருக்கிறது. அதில் சாயத்தண்ணீர் தேங்கி, சுற்றுப்பக்கத்து உழவர்கள் கிணற்றையும் நிலத்தையும் இழந்தார்கள். வழக்கு நடத்தினார்கள். 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை வெளியே விடாமல் முழுக்கச் சுத்திகரித்தால்தான் இயங்கலாம் என்ற நிலை அதன்பின் வந்தது. வரலாற்றுப் பயணம் என்று வந்துவிட்டு இதைப் பேசாமல் போவது எனக்குச் சம்மதமில்லை. உழவர் ஒருவர் கிடைத்தால் உட்கார்ந்து கேளுங்கள்; மனந்திறந்து சொல்வார்கள்.

அங்கிருந்து அறச்சலூர். நாகமலைக் குன்றில் ஒரு சிறு குகைத்தளம், அதில் கல்வெட்டு. ஐந்து எழுத்து ஐந்து வரியாக, "த தை தா தை த" என்று தொடங்குகிறது. இடமிருந்து வலம், வலமிருந்து இடம், மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், எப்படிப் படித்தாலும் அதே தாளக்கட்டு வரும். அருகே இன்னொரு வரி, எழுத்தைப் புணர்த்தவன் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்கிறது. 1,600 ஆண்டுப் பழமை என்று மதிப்பிடுவோர் உண்டு. அதைவிடப் பழையது என்போரும் உண்டு. வண்ணக்கன் என்பவன் பொன்னும் மணியும் சோதிப்பவன். கொடுமணல் பக்கத்தில் இருக்கும்போது மணி பார்க்கும் ஒருவன் இங்கே இருந்ததில் வியப்பில்லை. அவன் ஆடலுக்கான சொற்கட்டைப் பாறையில் எழுதி வைத்ததுதான் வியப்பு. குழுவில் மிருதங்கமோ பரதமோ தெரிந்தவர் இருந்தால் அவரைச் சொல்லிக் காட்டச் சொல்லுங்கள், மற்றவர்கள் தாளம் போடுங்கள். சுண்ணாம்புக்கட்டி, எண்ணெய் எதையும் எழுத்தின்மேல் தேய்க்காதீர்கள். டார்ச் விளக்கைப் பாறையை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்து தானாக எழுந்து நிற்கும்.

அடுத்தாற்போல் ஓடாநிலை. தீரன் சின்னமலை கோட்டை கட்டிக் கும்பினிப் படையை எதிர்த்த ஊர். கோட்டையை ஆங்கிலேயர் தரைமட்டமாக்கிவிட்டார்கள்; இப்போது மணிமண்டபம் இருக்கிறது. மறுநாள் சங்ககிரி போகவேண்டியவர்கள் இங்கே வந்துவிட்டுப் போவது முறை.

மாலையில் கொடுமுடி. காவிரிக் கரை, வன்னி மரம், மகுடேசுவரர். "நற்றவா உன்னை நான் மறக்கினும் சொல்லும் நா நமச்சிவாயவே" என்று சுந்தரர் பாடியது இந்த ஊரில். இரண்டாம் நாள் சண்டைக்காரராகப் பார்த்தவரை இங்கே வேறு குரலில் கேட்பீர்கள். கே.பி. சுந்தராம்பாள் பிறந்த ஊரும் இதுதான். பதிகத்தைப் பாடிவிட்டு, அவர் பாட்டு ஒன்றையும் வண்டியில் போட்டுக்கொண்டு ஈரோடு திரும்புங்கள்.

நான்காம் நாள் காலை பவானி கூடுதுறை. சங்கமேசுவரர் கோயிலில் வேதநாயகி அம்மனுக்கு 1804இல் வில்லியம் கேரோ என்ற கலெக்டர் கொடுத்த தந்தக் கட்டில் இருக்கிறது. அவர் தங்கியிருந்த பங்களா இடிந்து விழும் முன் ஒரு சிறுமி வந்து எழுப்பிக் காப்பாற்றினாள், அவள் அம்மனே என்பது கதை. கட்டிலில் அவர் கையெழுத்து உண்டு. வெளியே வந்து ஜமக்காள நெசவு நடக்கும் தறி ஒன்றைப் பார்க்கக் கேளுங்கள். புவிசார் குறியீடு பெற்ற பொருள். ஆனால் விசைத்தறி நகலும் அதே பெயரில் விற்கிறது, கூட்டுறவுச் சங்கக் கடையில் வாங்குவது பாதுகாப்பு.

பிறகு குழு இரண்டாகப் பிரியட்டும். ஏறக்கூடியவர்கள் சங்ககிரிக் கோட்டைக்கு. அடுக்கடுக்காக வாயில்கள், மேலே பெருமாள் கோயில், தர்கா, தானியக் கிடங்கு. சின்னமலையை 1805 ஜூலை 31, ஆடிப் பதினெட்டு அன்று ஆங்கிலேயர் தூக்கிலிட்டது இங்கேதான். ஏறி இறங்க அரை நாள் ஆகும். குடிதண்ணீர் கீழிருந்தே கொண்டுபோக வேண்டும். 65ஐத் தாண்டிய மூவரை வேன் திருச்செங்கோட்டுக்கு அழைத்துப் போகட்டும். அங்கே மலைமேல் வரை சாலை இருக்கிறது. படியேறுபவர்களுக்கு 1,200 படிக்குமேல், வழியில் பாறையில் செதுக்கிய 60 அடி நாகம்.

எல்லோரும் திருச்செங்கோட்டில் சேர்ந்தபின் அர்த்தநாரீசுவரர் சந்நிதியில் சம்பந்தரை நினைத்துக்கொள்ளுங்கள். அவரும் குழுவாகத்தான் வந்தார். உடன் வந்த அடியார்களைக் கொங்கின் குளிர்காய்ச்சல் பிடித்தது. "அவ்வினைக்கு இவ்வினை" பதிகம் பாடி அவர் தணித்தார் என்கிறது பெரிய புராணம். உடன் வந்தவர்களுக்குச் சுகமில்லை என்றால் பயணத்தை நிறுத்தி அவர்களைக் கவனிப்பது அன்றிலிருந்தே வழக்கம். மூவரின் மருந்துச் சீட்டு நகலை இளையவர் ஒருவர் வைத்திருக்கட்டும்.

அன்றிரவு நாமக்கல். காலையில் எழுந்ததும் குடைவரைகள். 18 அடி ஆஞ்சநேயரைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவோரே அதிகம். எனக்கு அது ஒவ்வொரு முறையும் வருத்தம். ஒரே பாறையின் ஒரு பக்கம் நரசிம்மர், மறுபக்கம் அரங்கநாதர். 8ஆம் நூற்றாண்டில் அதியர் மரபினர் குடைந்தவை. நரசிம்மர் குகையில் திரிவிக்கிரமரும் வராகரும் இரணியவதமும் மலையிலேயே புடைத்து நிற்பதைப் பார்த்தால், மாமல்லபுரத்துக்கு எவ்விதத்திலும் குறையாத கை இந்த உள்நாட்டிலும் இருந்தது என்பது தெரியும். வழிபாட்டில் உள்ள கோயில், படம் எடுக்கக் கூடாது. கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

காவிரியைக் கடந்தால் வேலாயுதம்பாளையம். முதலில் சொன்ன புகளூர்க் குகை இங்கேதான். ஆறுநாட்டான் மலையில் முருகன் கோயிலுக்குப் போகும் வழியை ஒட்டிச் சமணர் படுக்கைகள். அங்குள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, யாற்றூர்ச் செங்காயபன் என்ற துறவிக்காக வெட்டியது: "கோ ஆதன் செல்லிரும்பொறை மகன் பெருங்கடுங்கோன் மகன் இளங்கடுங்கோ இளங்கோ ஆக அறுத்த கல்." மூன்று தலைமுறைச் சேரர் பெயர் ஒரே இடத்தில். சங்கப் பாட்டில் மட்டும் கேட்ட பெயர்களோடு ஒத்துப்போகும் பெயர்கள் கல்லில் கிடைப்பது எவ்வளவு பெரிய செய்தி என்பதை ஆசிரியர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதே மலையில் கருவூர்ப் பொன் வாணிகன் ஒருவன் செய்வித்த படுக்கையும் உண்டு.

அந்தப் பொன் வாணிகனின் ஊரில் பயணம் முடிகிறது. சேரர் தலைநகரான வஞ்சி என்பது கரூர்தானா, கேரளத்துக் கொடுங்கல்லூர்ப் பக்கமா என்று நீண்ட வழக்கு இருக்கிறது. அமராவதி மணலில் கிடைத்த ரோமானியக் காசுகளையும் பொறிப்புள்ள மோதிரங்களையும் புகளூர்க் கல்லையும் வைத்துப் பார்க்கும்போது நான் கரூர்க் கட்சி. ஆனிலை என்று பாடல்பெற்ற பசுபதீசுவரர் கோயிலுக்கு மாலையில் போங்கள். அரசு அருங்காட்சியகமும் இருக்கிறது. அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதைக் கவனத்தில் வைத்து நாளைக் குறியுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. காலையில் இடியாப்பம் போன்ற சந்தகையும் தேங்காய்ப்பாலும், மதியம் அரிசிம்பருப்புச் சோறும் நெய்யும், கொள்ளுப் பருப்பும் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். ஊத்துக்குளி வெண்ணெய் வழியில்தான். அசைவம் சாப்பிடுபவர்களுக்கு ஈரோட்டுக்கு எதிர்க்கரைப் பள்ளிபாளையம் கோழி. மிளகாயும் தேங்காய்ச் சில்லும்தான் அதில் மசாலா. கரூரில் மாலை நேரத்துத் தள்ளுவண்டியில் கரம் என்னும் நொறுக்குத்தீனி. ஊர் மெஸ்களில் மதியம் எட்டுப் பேருக்குச் சோறு வேண்டுமென்றால் காலையிலேயே தொலைபேசியில் சொல்லிவிடுவது மரியாதை.

காலம் முக்கியம். சித்திரை, வைகாசியில் கொடுமணல் ஈமக்காட்டில் நிற்க முடியாது. நிழல் இல்லை, சுற்றிலும் கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடுதான். ஆடியில் கணவாய்க் காற்று இதமாக இருக்கும், ஆனால் ஆடிப்பெருக்கில் கூடுதுறைப் பக்கம் வண்டி நகராது. தைப்பூசத்தை ஒட்டிப் பழனிக்குப் பாதயாத்திரை போகும் கூட்டம் சாலைகளை நிறைத்திருக்கும். கார்த்திகைக் கடைசியும் மார்கழியும் உங்களுக்கு ஏற்றவை. மார்கழியில் கோயில்கள் இருட்டோடு திறக்கும், பகலில் சீக்கிரம் நடை சாத்தும். அதனால் மாலைக்கென்று சொன்ன கோயில்களைத் தவிர, ஒவ்வொரு நாளும் கோயிலை முதலிலும் பாறையையும் மலையையும் பிறகும் வைத்துக்கொள்ளுங்கள். கரூரிலிருந்து இரவு ரயில் டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டு, அதற்கேற்ப வேனைப் பேசுங்கள்.